நான்கு தட்டு

நவம்பர் 22, வெள்ளி

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், கையெடுத்துக் கும்பிடுகிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். வார்டனிடம் கொடுக்காதீர்கள். ஜெபராணி மிஸ்ஸிடம் கொடுக்காதீர்கள். பதினேழாம் நம்பரிடம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவிடாதீர்கள். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பெட்டி அறையில், 31 என்று பெயின்டில் எழுதிய பச்சை டிரங்குப் பெட்டியில், போர்வைக்கு அடியில்.

இது போன வருஷத்துக் கம்ப்யூட்டர் ரெக்கார்டு நோட்டு. கம்ப்யூட்டர் எடுக்கும் ஜெபராணி மிஸ் கையெழுத்துப் போட்டு முடித்தது. பின்னால் நிறையப் பக்கம் மிச்சம் இருக்கிறது. பழைய ரெக்கார்டு நோட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வலப்பக்கம் கோடு போட்டிருக்கும், அதில் புரோகிராம் எழுத வேண்டும். இடப்பக்கம் கோடில்லாமல் வெள்ளையாக இருக்கும், அதில் அவுட்புட் எழுத வேண்டும். நான் வலப்பக்கத்தில் மட்டும் எழுதப் போகிறேன்.

என் பெயர் சுகிர்தா. பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள், மூன்று வருஷமாகிறது. லீவுக்கு மாமா வீட்டுக்குப் போவேன். மற்ற நாளெல்லாம் இந்த ஹாஸ்டல்தான்.

பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். பெட்டி அறையில் மட்டும் ஒரு பல்பு விடியும்வரை எரியும். உள்ளே தாழ்ப்பாளும் உண்டு. பல்வலி, உப்புத் தண்ணீர் கொப்பளிக்கப் போகிறேன் என்று பக்கத்துக் கட்டிலில் சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் இன்றைக்கு எழுத ஆரம்பிக்கிறாய் என்று கேட்காதீர்கள். இன்று லேபில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. முப்பிடாதி தண்ணீர் குடிக்கப் போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் ஒன்பதாம் சிஸ்டத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

நவம்பர் 23, சனி

முப்பிடாதி யார் என்று நேற்றுச் சொல்லவில்லை. பதினேழாம் நம்பர் அவள்தான். குலதெய்வத்தின் பெயர். பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால், "எங்க சாமிய கேலி பண்ணாத. ராத்திரி வந்து கட்டிலுக்கடியில உக்காரும்" என்பாள். அதற்கப்புறம் அந்தப் பெண் கட்டிலில் காலைத் தொங்கப் போடமாட்டாள்.

லேபில் இருபத்து நான்கு சிஸ்டம், நாற்பத்தெட்டுப் பேர். ஒன்பதாவது எங்கள் இருவருக்கும். பைத்தானில் இஃப் என்று ஒரு வரி எழுதினால், அதற்குக் கட்டுப்பட்ட வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். தள்ளுவதற்கு இரண்டு வழி. டேப் கீயை ஒரு தட்டு, இல்லாவிட்டால் ஸ்பேஸ் பாரை நான்கு தட்டு. எங்கள் லேபில் திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே அகலம்தான். மிஸ் டேப் என்றுதான் சொல்லித் தந்தார்கள், வகுப்பு முழுவதும் டேப். நான் மட்டும் ஸ்பேஸ். மாமாவின் ஜெராக்ஸ் கடையில் நான் பழகிய கீபோர்டில் டேப் கீயே கிடையாது. யாரோ பிடுங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு குழி இருக்கும், அதில் அழுக்கு இருக்கும். நான்கு தட்டு என் விரலுக்குப் பழகிவிட்டது.

இது முப்பிடாதிக்கு மட்டும்தான் தெரியும். ரெக்கார்டில் பேனாவால் எழுதும்போது எது டேப் எது ஸ்பேஸ் என்று யார் கண்டார்கள்? முதல்நாள் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏட்டி, டேப்ப ஒரு தட்டு தட்டுனா தொறக்குற கதவ எதுக்கு டக் டக் டக் டக்குன்னு தட்டுத? உள்ள யாரு தூங்குதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னைக் கூப்பிடுவதென்றால் பெயர் சொல்லமாட்டாள். முதுகிலோ மேசையிலோ குளியலறைக் கதவிலோ நான்கு தட்டு. அவளுக்கு மட்டும் அப்படிச் சரியாக, நிறுத்தி நிறுத்தித் தட்ட வரும்.

மிஸ் இதையும் சொல்லியிருக்கிறார்கள். டேபோ ஸ்பேஸோ, ஒரு பிளாக்கில் ஏதாவது ஒன்றுதான். ஒரே பிளாக்கில் இரண்டையும் கலந்தால் நமக்குத் தெரியாது. மிஷினுக்குத் தெரிந்துவிடும். எந்த வரி என்று நம்பரோடு காட்டி நின்றுவிடும்.

இப்போது போன் விஷயம். ஞாயிறு நான்கிலிருந்து ஐந்தரை வரை வார்டன் அறையில் வீட்டுக்குப் பேசலாம். ஒரே போன், ஆளுக்கு மூன்று நிமிஷம், ஆக முப்பது பேர். ஹாஸ்டலில் இருப்பது எங்கள் வகுப்பு மட்டும்தான், நாங்களோ நாற்பத்தெட்டு. தீபாவளி முடிந்து வந்த ஞாயிறு வரிசையில் தள்ளுமுள்ளு ஆகி ஒருத்தியின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. மிஸ் முப்பிடாதியைக் கூப்பிட்டு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எல்லா நம்பரையும் சீட்டுக் குலுக்குகிற மாதிரி குலுக்கி, முதல் முப்பதைத் தர வேண்டும். அவள் ஒரே பீரியடில் எழுதிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் லீடர் சங்கரேஸ்வரி எங்கள் சிஸ்டத்தில் அதை ஓட்டி, பிரின்ட் எடுத்து, சாப்பாட்டு ஹால் கதவில் ஒட்டுவாள். முறையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. பட்டியலில் இல்லையென்றால் இல்லை.

10-ஆம் தேதி முதல் பட்டியல். எழுதியவளின் நம்பரே அதில் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். என் நம்பரும் இல்லை. நான்கு மணிக்கு ஹாஸ்டல் மொத்தமும் வார்டன் அறை வாசலுக்குப் போய்விட, நாங்கள் இருவரும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டோம். அவள் அப்பா மினி பஸ் கண்டக்டர். கிளிப்பை டிக்கெட் மாதிரி விரலிடுக்கில் செருகிக்கொண்டு அவரைப் போலவே குரலைத் தூக்கினாள். "சந்தை முக்கு, பழைய ஆஸ்பத்திரி, ரைஸ் மில்லு, பண்டாரகுளம் வெலக்கு, சர்ச்சு, தெப்பக்குளம்... எக்கா, உள்ள போக்கா, படியில பந்தலா போட்டுருக்கு, அங்கயே நிக்கியே." சின்ன வயதில் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால் அப்பா இந்த ஸ்டாப்புகளைத்தான் மெதுவாகச் சொல்வாராம். தெப்பக்குளம் வருவதற்குள் தூங்கிவிடுவாளாம். இந்த ஹாஸ்டலுக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

17-ஆம் தேதி அவள் மூன்றாவது. பேசி முடித்தவர்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடி அவரவர் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். அவளும் அங்கேயே நின்றுவிட்டாள். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் அங்கே போவதில்லை. நான் மாடியில் இருந்தேன். கீழே எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தரை வரை எண்ணினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பட்டியலில் அவள் நம்பர் இல்லை. என்னுடையதும் இல்லை. மாடியில் ஒன்றரை மணி நேரம். எனக்குத் தலை பின்னிவிட்டாள். நல்ல நாள்.

நவம்பர் 27, புதன்

யூனிபார்ம் வெள்ளைத் துப்பட்டாவில் இங்க் கொட்டிவிட்டது. எலுமிச்சம்பழம் கேட்டதற்குச் சமையலறை அக்கா, ஊறுகாய் போடவே பழம் இல்லை என்று விரட்டிவிட்டார். உப்பு வைத்துத் தேய்த்தேன். மஞ்சளாகப் படர்ந்துவிட்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

இந்த வாரமும் 17 இல்லை. கதவில் ஒட்டிய தாளை முப்பிடாதி மேலிருந்து கீழே விரல் வைத்து இரண்டு முறை பார்த்தாள். தீபாவளிக்குப் போனபோதே அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். 17-ஆம் தேதி பேசும்போதும் சரியாகவில்லையாம். இன்று கேட்டுவிடலாம் என்றிருந்தாள். சங்கரேஸ்வரியிடம் போய் ஒரு தடவை மட்டும் என்று கேட்டாள். சங்கரேஸ்வரிக்கு லீடர் பேட்ஜ் குத்திய நாளிலிருந்து கழுத்து திரும்புவதில்லை. "நான் என்னட்டி செய்ய? மிஷினுக்கு ஒன்னப் பிடிக்கல. நீ பெத்த மிஷின்தான, நீயே கேளு" என்றாள்.

என் நம்பர் நான்காவதாக வந்திருந்தது. வந்தால் போகாமல் இருக்க முடியாது, ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். குவைத்துக்கு அந்தப் போனில் லைன் கிடையாது. மாமாவுக்கு அடித்தால், கடையில் ஆள் நிற்கிறது, அப்புறம் பேசு என்று வைத்துவிடுவார். அதனால் நான் லைனைத் துண்டிக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்து, "ம், சாப்பிட்டேம்மா. ம், படிக்கேன்" என்று மூன்று நிமிஷம் பேசுவேன். வார்டன் எதிரிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

முப்பிடாதி வாசலில் காத்திருந்து, "ஒங்க அம்மை என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். நல்லா இருக்காள் என்றேன்.

மாடியில் இன்று அவள் பாட்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை. இருந்தாலும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

பேன்.

டிசம்பர் 6, வெள்ளி

லேபில் முப்பிடாதி, போன வாரம் விட்டுப்போனவர்களுக்கு அடுத்த வாரம் முதல் இடம் என்று புரோகிராமை மாற்றப் போகிறேன் என்றாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஃபைலைத் திறக்கிறாளோ என்று பார்த்தேன். அதற்குள் மிஸ் பதினெட்டாம் தேதி அரையாண்டுத் தேர்வு, எல்லோரும் ரெக்கார்டை முடியுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சரி என்று ஸ்கேலை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

ஏன் நெஞ்சு அடித்துக்கொண்டது என்று எழுதவில்லை. கை வலிக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

மூன்றாவது வாரம். 17 இல்லை. நான் பதினொன்றாவது.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் இங்க் பேனாவால் ஒரு போன் நம்பரை எழுதினாள். "ஒனக்கு மூணு நிமிஷம் இருக்குல்லா. ரெண்டு நிமிஷம் ஒங்க அம்மைக்கு வச்சுக்கோ. ஒரே ஒரு நிமிஷம் எங்க அப்பாவுக்கு. நான் நல்லா இருக்கேன், அடுத்த வாரம் கண்டிப்பா பேசுதேன்னு மட்டும் சொல்லு. வார்டனுக்குத் தெரியவா போவுது?" என்றாள்.

போனேன். திரும்பி வந்து, லைன் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

(இங்கே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதீர்கள்.)

உள்ளங்கையைத் துணி சோப்பு போட்டுத் தேய்த்தேன். நம்பர் மங்கியதே தவிரப் போகவில்லை. கையை மூடிக்கொண்டு சாப்பிட முடியாது அல்லவா. இரவுச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

டிசம்பர் 11, புதன்

மூன்றாம் பீரியடில் முப்பிடாதியின் தாய்மாமா வந்தார். பியூன் வந்து அவளைக் கூப்பிட்டபோது கணக்கு நோட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போனாள். அவள் பையை எடுத்துக் கொடுக்க நான்தான் ஆபீசுக்குப் போனேன்.

மாமா மெதுவான ஆள். வார்டனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். குரல் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிப் பேச்சு வராது. அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் அப்பாதான் பிடிவாதமாகத் தடுத்தாராம். "ஞாயித்துக்கெழம அவளா கூப்புடுவா, அதுல ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதேன், அது போதும்னு சொன்னாவ. மூணு ஞாயிறும் நாலு மணிக்கே போன மடியில வச்சிட்டு உக்காந்துருந்தாவ. இப்ப கண்ணு வாசலையே பாத்துட்டு இருக்கு, அதான் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

முப்பிடாதி அழவில்லை. "அப்பம் பஸ்ஸுல எப்பிடி விசில் அடிப்பாவ?" என்று மாமாவிடம் கேட்டாள். அவர் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

அவள் கட்டில் காலியாக இருக்கிறது. தலையணையில் அவள் ஹேர்பின் ஒன்று கிடந்தது. நான் எடுக்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. மூன்று வாரம் தொடர்ந்து ஒருத்திக்கு வரவில்லையென்றால் அந்தப் பாவம் நமக்குத்தான், விட்டுப்போனவர்கள் முதலில் வருகிற மாதிரி நானே மாற்றுகிறேன் என்று லேபில் எங்கள் சிஸ்டத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முப்பிடாதியின் இடத்தில். நான் பக்கத்தில்.

ஃபைலைத் திறந்தார்கள். நடுவில் 17 என்று ஒரு இஃப் இருந்தது. முப்பிடாதி தன் நம்பரை வைத்து ஏதோ சோதித்துப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்து, அதற்கு அடியிலேயே டேப் தட்டி இன்னொரு வரி சேர்த்து ஓட்டினார்கள். சிவப்பு எழுத்து வந்தது. டேபும் ஸ்பேஸும் கலந்திருக்கிறது, வரி எட்டு. மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வரிகளை மறுபடியும் படித்தார்கள். அப்புறம் சத்தமாகப் படித்தார்கள். பதினேழு முதல் முப்பதில் வந்தால், பதினேழை எடுத்துவிடு, கடைசியில் கொண்டுபோய்ச் சேர்.

எல்லோரும் எங்கள் சிஸ்டத்தைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"சங்கரேஸ்வரி, சனிக்கிழம சனிக்கிழம இத ஓட்டுறது நீதான?" என்று மிஸ் கேட்டார்கள். நான்தான், ஆனால் ஓட்ட மட்டும்தான் தெரியும், உள்ளே எதையும் தொடவில்லை என்று அவள் சொன்னாள். அவள் முப்பிடாதியிடம் கேலி பேசியதை நாலு பேர் எடுத்துச் சொன்னார்கள். மிஷினுக்குப் பிடிக்கலைன்னு சொன்னியே என்றார்கள். அவள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். கழுத்து அப்போது நன்றாகவே திரும்பியது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

வார்டன் பேட்ஜை வாங்கிவிட்டார்கள். புதன்கிழமை, பரீட்சை தொடங்குகிற அன்று காலையில், அவள் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு கூட்டிப் போக வேண்டும்.

அந்த மூன்று வரியை எழுதிய ஆளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பர் 14, சனி

சங்கரேஸ்வரி சாப்பாட்டு ஹாலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சுற்றிலும் நான்கு நாற்காலி காலி. அப்படிச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போய் உட்காரலாம் என்று தட்டோடு எழுந்தேன். பிறகு தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பட்டியல் கிடையாது. வார்டனே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிட்டபோது தலைவலி என்று சொல்லிவிட்டேன். நான்கிலிருந்து ஐந்தரை வரை மாடியில் இருந்தேன். குழாயைச் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தச் சத்தமும் இல்லை.

டிசம்பர் 16, திங்கள்

முப்பிடாதி வந்துவிட்டாள். அவளாகவே என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் கழுத்தில் ஒரு ஓட்டை, அதில் குழாய், அதன் வழியாக மூச்சு விடுகிறார் என்றாள். ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறாராம். கையெழுத்து டிக்கெட்டில் கிறுக்குகிற மாதிரியே இருக்கிறதாம்.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல" என்றாள். "நான் போய் நின்னதும் அழுதேன். ஒரு நாள்கூட ஒங்ககிட்ட பேசலியப்பான்னு சொன்னேன். அதுக்கு நோட்ட வாங்கி எழுதுதாவ, போன ஞாயிறு பேசினேனே பாப்பா, நீ ம் ம்னு கேட்டியேன்னு. அம்மை அது மருந்து மயக்கம்ங்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் துப்பட்டாவின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்விட்டாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதுகிறேன். நாளைக் காலையில் சங்கரேஸ்வரியின் அப்பா வருவார்.

இன்று கடைசி லேப். முப்பிடாதி அந்த ஃபைலைத் திறந்தாள். மிஸ் அதை அப்படியே வைத்திருந்தார்கள். முதலில் அவள் எழுதிய பகுதியில், உள்ளே தள்ளிய வரியின் ஆரம்பத்தில் கர்சரை வைத்து, அம்புக்குறி கீயை ஒரு தடவை அழுத்தினாள். கர்சர் ஒரே தாவலில் எழுத்தின் முன்னால் போய் நின்றது. அது டேப். பிறகு 17 இருந்த இடத்துக்கு வந்தாள். அழுத்தினாள். கர்சர் ஒரு அடி நகர்ந்தது. மறுபடி அழுத்தினாள். இன்னொரு அடி. மூன்று. நான்கு. அப்போதுதான் எழுத்து வந்தது. அடுத்த வரியிலும் அதேபோல் நான்கு அடி. திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் நடக்கிற மாதிரி இருந்தது.

முப்பிடாதி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மிஸ்ஸைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. ஏன் செய்தாய் என்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்கு எங்க அப்பா என்னட்டி சொன்னாவ?" என்று மட்டும் கேட்டாள்.

மணி அடித்துவிட்டது. சாயங்காலம் அவள் தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

மூன்று வரியையும் எழுதியது நான்தான். நவம்பர் 22, அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள். அவள் அழ வேண்டும் என்று எழுதவில்லை. ஞாயிறு நான்கு மணிக்கு மாடியில் என்னோடு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று எழுதினேன். இன்னும் ஒரு ஞாயிறு, அப்புறம் எடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைத்தேன். எடுக்கவில்லை.

8-ஆம் தேதி லைன் கிடைத்தது. முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார். "பாப்பாவா?" என்றார். குரலா அது என்றே தெரியவில்லை, காய்ந்த ஓலையை இழுக்கிற மாதிரி இருந்தது. நான் சுகிர்தா பேசுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். மூன்று வருஷமாக அந்தப் போனில் யாரும் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. நான் "ம்" என்றேன். முழு மூன்று நிமிஷமும் "ம்" மட்டும்தான் சொன்னேன். அவள் குரலில் சொன்னேன்.

அது முப்பிடாதிக்கு வர வேண்டியது. அதை எடுத்துக்கொண்டு, லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

காலையில் பிரேயருக்கு முன்னால் மிஸ்ஸிடம் போவேன். மூன்று வரியையும் அவர்கள் கண் முன்னால் டைப் அடித்துக் காட்டுவேன், அப்போது நம்புவார்கள். சங்கரேஸ்வரியின் அப்பாவிடமும் நானே சொல்வேன். எனக்கு டி.சி. கொடுத்தால் மாமா வீட்டுக்குப் போவேன். மாமா என்ன சொல்வார் என்று இப்போது நினைக்கவில்லை. நினைத்தால் போகமாட்டேன்.

அதற்கு முன் முப்பிடாதி கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அவளிடம் நானே கொடுத்துவிடப் போகிறேன். அவர் சொன்னது எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. அதை இந்த வலப்பக்கத்தில், என் கதையோடு சேர்த்து எழுதக் கூடாது. இத்தனை நாள் காலியாக விட்ட இடப்பக்கத்தில் எழுதுகிறேன்.

*

பாப்பாவா? அப்பா தொண்ட இப்பிடித்தான் இருக்கு, பயந்துராத. நீ ஒண்ணும் பேசண்டாம். மூணு நிமிஷந்தான, நான் பேசுதேன், நீ கேளு. சாப்புட்டியா? ம். அங்க கொசு இருக்கும், போர்வய கால் வர இழுத்து மூடிட்டு படு. அப்பாவுக்கு ஒரு ஆச, சிரிக்காத. ஒனக்கு ஒரு தடவ டிரிப் சொல்லணும் போல இருக்கு. தூக்கம் வந்தா தூங்கிரு.

சந்தை முக்கு.

பழைய ஆஸ்பத்திரி.

ரைஸ் மில்லு. (இங்கே இருமினார். கொஞ்ச நேரம் ஆயிற்று. வார்டன் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.)

பண்டாரகுளம் வெலக்கு.

சர்ச்சு.

தெப்பக்குளம்.

முப்பிடாதி சொல்லும்போது இதோடு முடிந்துவிடும். அதற்கு முன்னாலேயே அவள் தூங்கிவிடுவாள் என்பதால் அவளுக்குத் தெரியாது. இதற்கப்புறம் ஒரு ஸ்டாப் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார். அதை மட்டும் இங்கே எழுதமாட்டேன். அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே, அந்தக் குரலிலேயே, அவள் காதில் என் வாயால் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் பல் தேய்க்கும் இடத்தில் அவளைப்

கதவில் தட்டும் சத்தம்.

நான்கு தட்டு. நிறுத்தி நிறுத்தி.